நடுவில் வெறும் காற்று

மூன்று உலோக வளையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் உள்புரி, மறுபக்கம் வெளிப்புரி. உயரம் 7, 14, 28 மி.மீ. மூன்றையும் ஒன்றோடொன்று திருகினால் 49 மி.மீ. நீளத்தில் ஒரு கறுப்புக் குழாய் கிடைக்கும். பினாங்குத் தீவின் கெலுகோரில், என் அடுக்குமாடி வீட்டுச் சன்னலருகே நின்று அந்தக் குழாய் வழியே பார்க்கிறேன். பினாங்குப் பாலம் தெரிகிறது. பெரிதாகவும் தெரியவில்லை, சிறிதாகவும் தெரியவில்லை. வெறுங்கண்ணுக்கு எப்படியோ அப்படியே. குழாய்க்குள் கண்ணாடி என்று எதுவும் கிடையாது. நடுவில் வெறும் காற்றுதான்.

ஆனால் இதையே கேமராவுக்கும் ஒரு பழைய லென்ஸுக்கும் இடையில் மாட்டிவிட்டு அதே சன்னல் விளிம்பை நோக்கினால், அங்கே ஊர்ந்துகொண்டிருக்கும் 7 மி.மீ. தாவுசிலந்தி சட்டகத்தின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு நம்மை உற்றுப் பார்க்கிறது. முகத்து மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்ணில் சன்னலின் பிம்பம் தெரிகிறது.

காற்று எப்படிப் பெரிதாக்கிக் காட்டும்? இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்விதான். விடை தெரிந்துவிட்டால், சிற்றுயிர்களின் முகம் பார்க்கப் பெரும் பணம் வேண்டும் என்ற எண்ணம் தானாகக் கழன்றுவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரவில் ஓர் அகல் விளக்கை ஏற்றி வையுங்கள். 10 செ.மீ. குவியத்தூரம் உள்ள பூதக்கண்ணாடி ஒன்றும் வெள்ளைத்தாள் ஒன்றும் போதும். விளக்கு அறையின் அந்தக் கோடியில் இருக்கும்போது, கண்ணாடியிலிருந்து 10 செ.மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தொலைவில் தாளைப் பிடித்தால் சுடரின் தலைகீழ்ப் பிம்பம் கடுகளவு விழும். இப்போது விளக்கைக் கண்ணாடிக்கு அருகே நகர்த்திக்கொண்டே வாருங்கள். பிம்பம் மங்கும். அதைத் தெளிவாக்க வேண்டுமானால் தாளைப் பின்னால் இழுக்க வேண்டும். விளக்கு 20 செ.மீட்டருக்கு வந்ததும் தாளும் 20 செ.மீட்டருக்குப் போயிருக்கும். அங்கே தாளில் ஆடும் சுடர், விளக்கில் ஆடும் சுடரின் அதே அளவு. விளக்கை இன்னும் கொஞ்சம் நெருக்கினால் தாள் இன்னும் வெகுதூரம் பின்வாங்கும். பிம்பம் அசலைவிடப் பெரிதாகிவிடும்.

லென்ஸ் மாறவில்லை. தூரங்கள்தான் இடம் மாறின. பொருள் நெருங்க நெருங்கப் பிம்பம் பின்னால் ஓடுகிறது. ஓடும் பிம்பத்தைப் பிடிக்க இடம் வேண்டும். சாதாரண லென்ஸில் அந்த இடம் இல்லை. அதன் ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருகினாலும் கண்ணாடித் தொகுதி ஏழெட்டு மி.மீட்டர்தான் முன்னால் நகரும். அரை மீட்டருக்கு அப்பால் இருக்கும் முகத்துக்கு அது போதும், சிலந்திக்குப் போதாது. நம் வளையங்கள் தருவது அந்தக் கூடுதல் இடத்தை.

கணக்கு மிக எளிது. லென்ஸ் எவ்வளவு முன்னே தள்ளப்படுகிறதோ அந்த நீளத்தை அதன் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸை 50 மி.மீ. தள்ளினால் சரியாக ஒன்று. அதாவது சிலந்தியின் 7 மி.மீ. உடல், சென்சார் மீதும் 7 மி.மீ. பிம்பமாகவே விழும். இதைத்தான் உயிரளவு என்கிறோம். பெரிய நிறுவனங்களும் இதே வாய்ப்பாட்டை உலோகத்தில் வடித்துத்தான் விற்றன. 1960களின் நடுவில் நிக்கான் நிறுவனத்தின் 55 மி.மீ. மைக்ரோ நிக்கார் தனியாக அரை உயிரளவு வரைதான் போகும். முழு உயிரளவுக்குப் போக அதனுடன் ஒரு வளையம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் நீளம் 27.5 மி.மீ.; 55இல் சரிபாதி. அந்த வளையத்துக்குள்ளும் காற்றுதான்.

என் லென்ஸின் பெயர் ஹீலியோஸ் 44-2. குவியத்தூரம் 58 மி.மீ., முழுத் துளை எஃப் 2 (எஃப் எண் கூடினால் துளை சிறிது). மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையில் சோவியத் காலத்தில் ஸெனித் கேமராக்களோடு இலட்சக்கணக்கில் வெளிவந்த வகை. வடிவமைப்பு போருக்கு முந்தைய ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனம் உருவாக்கிய பயோட்டார். ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள், மீதி முழுக்கக் கனத்த உலோகம். கையில் எடுத்தால் ஒரு சிறிய எடைக்கல்லைத் தூக்கியதுபோல் இருக்கும். 49 மி.மீ. வளையங்களும் லென்ஸ் தானாக நகரும் எட்டு மி.மீட்டரும் சேர்ந்தால் 57. 58ஆல் வகுத்தால் 0.98. உயிரளவுக்கு இம்மியளவு குறைவு. இந்தக் கணக்கை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஹீலியோஸின் பின்பக்கம் 42 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியும் கொண்ட திருகு. எம்42 என்று இதைச் சொல்வார்கள். 1949இல் ட்ரெஸ்டனில் வெளிவந்த காண்டாக்ஸ் எஸ் கேமராவிலிருந்து ஸெனித், பிராக்டிக்கா, பெண்டாக்ஸின் டாக்குமார் லென்ஸ்கள் வரை ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான் என மூன்று நாட்டு ஆலைகளும் பல்லாண்டுகள் இதே திருகைப் பின்பற்றின. ஆகவே ஒரு நாட்டு லென்ஸ் இன்னொரு நாட்டு வளையத்தில் சிக்கலில்லாமல் ஏறும். திருகு அமைப்பில் மின்தொடர்பு கிடையாது. கேமராவோடு பேச வேண்டிய சிப் கிடையாது. இன்றைய லென்ஸ்களில் பலவற்றை வெற்று வளையத்தில் மாட்டினால் துளையை மாற்றக்கூட வழியில்லாமல் போகும். ஹீலியோஸ் 44-2இல் துளையை மாற்ற விரலால் திருப்பும் இரண்டு வளையங்கள் லென்ஸிலேயே இருக்கின்றன. எத்தனை குழாய்களை நடுவில் சொருகினாலும் அது கேமராவை எதற்கும் எதிர்பார்ப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. எம்42 லென்ஸ்கள் சிலவற்றின் பின்னால் ஒரு சிறு ஊசி துருத்திக்கொண்டிருக்கும். கேமரா அதை அழுத்தினால்தான் துளை சுருங்கும். அவற்றில் தானியங்கி, கைமுறை என்று மாற்றும் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஊசியை அழுத்திப் பிடிக்கும் விளிம்புள்ள அடாப்டர் தேவைப்படும்.

அடாப்டரிலும் இதே தத்துவம்தான். எம்42 லென்ஸுக்குப் பின்னால் படச்சுருள் 45.46 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டும். சோனியின் மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸ் முகப்பிலிருந்து சென்சாருக்கு 18 மி.மீ. மட்டுமே. மீதி 27.46 மி.மீட்டரை நிரப்பும் குழாய்தான் அடாப்டர். கண்ணாடியுள்ள அடாப்டர் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வகைக் கேமராவுக்கு வேண்டியதில்லை. காசும் மிச்சம், படமும் சுத்தம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது இப்படிப்பட்ட லென்ஸ்கள் வெளியே வரும். காலையில் கூடும் லோரோங் குலிட் பழம்பொருள் சந்தையில் கைக்கடிகாரம், திருகாணி, இசைத்தட்டு ஆகியவற்றுக்கு நடுவே பழைய கேமராக்களும் பரப்பிக் கிடப்பதுண்டு. வாங்குவதற்கு முன் டார்ச் ஒன்றை லென்ஸுக்குள் அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலைபோல் கிளைவிட்ட இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. துளையின் தகடுகளில் எண்ணெய் மினுங்கினால் அவை ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும். மேல்பூச்சில் ஓரிரு கீறல் இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. படத்தில் அது தெரியாது.

வெவ்வேறு பாகங்களை ஒட்டவைத்துக் கருவி செய்துகொள்வது நம் மரபில் புதிதல்ல. தமிழில் இயற்கையைப் பற்றி எழுதிய முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். அவர் வைத்திருந்த கேமரா ஒரு கம்பெனியின் உடலும் இன்னொரு கம்பெனியின் லென்ஸும் தாமே இணைத்த பாகங்களுமாகச் சேர்ந்தது. சூப்பர் பாண்டரோசா என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அவர் எடுத்தது யானைகளையும் காட்டுமாடுகளையும்தான், பூச்சிகளை அல்ல. ஆனால் கருவி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தவருக்கு அது எந்தக் கடையில் கிடைக்கும் என்ற கேள்வி இரண்டாம்பட்சம் என்பதற்கு, நமக்கு அவரைவிட நெருக்கமான சான்று இல்லை.

காற்றுக்கு விலை இல்லை என்றாலும் இயற்கை தன் கட்டணத்தை வாங்கிக்கொள்கிறது. முதல் கட்டணம் வெளிச்சம். லென்ஸிலிருந்து சென்சாருக்கு உள்ள தொலைவு இருமடங்கானால், அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது. ஓரிடத்துக்குக் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு. லென்ஸில் எஃப் 8 என்று வைத்திருந்தாலும் உயிரளவில் அது எஃப் 16 போல நடந்துகொள்ளும்.

இரண்டாவது கட்டணம் ஆழம். உயிரளவில், எஃப் 8 துளையில், என் கேமராவில் கூர்மையாகத் தெரியும் தடிமன் சுமார் 0.6 மி.மீட்டர்தான். சிலந்தியின் கண் கூர்மையாக இருந்தால் முதுகு மங்கிவிடும். அப்படியானால் துளையை மேலும் சுருக்கலாமே என்று தோன்றும். அங்கே மூன்றாவது கட்டணம் காத்திருக்கிறது. சிறு துளை வழியே போகும் ஒளி அலைகள் விளிம்பில் வளைந்து பரவுகின்றன. புள்ளியாக விழவேண்டிய ஒளி வட்டமாக விழுகிறது. உயிரளவில் எஃப் 8 வைத்தால் அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 0.02 மி.மீ.; எஃப் 16 வைத்தால் 0.04 மி.மீட்டருக்கு மேல். என் 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.004 மி.மீ. ஆக எஃப் 16இல் ஒரு புள்ளி பத்துப் பிக்சல் அகலத்துக்கு இழுகிவிடும். ஆழம் கூடும், ஆனால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். பல மாதம் முயன்றபின் நான் எஃப் 8க்கே திரும்பி வந்தேன். ஆயிரக்கணக்கில் விலையுள்ள லென்ஸுக்கும் இந்த விதியில் விலக்கு இல்லை.

இனி சன்னலோரச் சிலந்திக்கு வருவோம். மலேசியாவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தாவுசிலந்தியைத் தீப்பெட்டிக்குள் இலையோடு வைத்து வளர்த்துச் சண்டைக்கு விட்டவர்கள். அந்தச் சண்டைச் சிலந்தி வேறு இனம். என் வீட்டுச் சன்னலில் இருப்பது ஹாசாரியஸ் ஆடன்சோனி. வெப்பநாடுகள் எங்கும் மனிதர் வீட்டோடு ஒட்டி வாழ்வது. ஆணின் உடல் கறுப்பு. வயிற்றில் வெள்ளைப் பிறைகள். முகத்துக்கு முன்னால் இரண்டு சிறு உணர்கைகள், அவற்றிலும் வெள்ளை. பினாங்கில் ஏழே கால் மணிவாக்கில்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் சன்னலில் விழும் சாய்வெளிச்சம் இதமானது.

உயிரளவில் ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை. திருகினால் உருப்பெருக்கம்தான் மாறுகிறது. ஃபோகஸ் வளையத்தை ஓரிடத்தில் விட்டுவிட்டு, கேமராவை முகத்தோடு அணைத்து, முழங்கையைச் சன்னல் திண்டில் ஊன்றி, உடம்பையே மி.மீட்டர் மி.மீட்டராக முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். மூச்சை இழுக்கும்போதே அரை மி.மீட்டர் தப்பிவிடும். மூச்சை விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் வரும் சின்ன இடைவெளியில் பொத்தானை அழுத்துகிறேன். பத்துக்கு ஒன்பது படம் மங்கல். மயிர் கூர்மையாக இருக்கும், கண் இருக்காது. கால் கூர்மையாக இருக்கும், முகம் இருக்காது. மங்கல் எவ்வளவு என்பதைப் பார்த்தே இன்னும் எவ்வளவு சாயவேண்டும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது.

இதே வேலையைத்தான் எதிரில் இருக்கும் சிலந்தியும் செய்துகொண்டிருக்கிறது.

தாவுசிலந்திக்கு எட்டுக் கண்கள். நடுவில் முன்னோக்கியிருக்கும் பெரிய இரண்டும்தான் கூர்மையாகப் பார்ப்பவை. அந்தக் கண் நம் கண்ணைப்போல் உருண்டையானது அல்ல. ஒரு நீண்ட குழாய். லென்ஸ் முகத்தோடு அசையாமல் பொருந்தியிருக்க, விழித்திரை குழாயின் அடியில், வெகு பின்னால் இருக்கிறது. மி.மீ. அளவேயுள்ள தலைக்குள் பெரிய பிம்பம் வேண்டுமானால் லென்ஸுக்கும் விழித்திரைக்கும் இடையில் தூரம் வேண்டும் என்ற அதே தேவைதான். குழாயின் பின்முனையை ஆறு தசைகள் இப்படியும் அப்படியும் அசைக்கின்றன. கேமரா வழியே இது நேரடியாகத் தெரியும்: நம்மை நேராகப் பார்க்கும்போது கருமையாக இருக்கும் கண், குழாய் பக்கவாட்டில் திரும்பியதும் ஒரு கணத்தில் வெளிறிப் பழுப்பாகும், பிறகு மீண்டும் கருமை. தலை அசையவே இல்லை. முதல்முறை பார்த்தபோது கேமராவைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கண்ணால் தேடினேன். வெறுங்கண்ணுக்கு அது சிறு கறுப்புப் புள்ளிதான்.

அந்தக் கண்ணின் விழித்திரை நான்கு அடுக்கானது. இது ஏன் என்று பல காலம் புதிராக இருந்தது. 2012இல் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே ஹாசாரியஸ் ஆடன்சோனியை வைத்து நடத்திய சோதனை ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. அடியிலிருந்து முதல் இரண்டு அடுக்குகளும் பச்சை ஒளியை உணர்பவை. பச்சை ஒளியின் தெளிவான பிம்பம் விழுவது முதலாவதில்தான்; இரண்டாவதில் எப்போதும் மங்கலாகவே விழும். எந்த அளவு மங்கல் என்பது பொருளின் தொலைவைப் பொறுத்தது. சிலந்தி தெளிவையும் மங்கலையும் ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடுகிறது. இதை நிரூபிக்க ஆய்வாளர்கள் விளக்கின் நிறத்தை மாற்றினார்கள். பச்சை வெளிச்சத்தில் சிலந்தி இரைமீது குறி தப்பாமல் பாய்ந்தது. பச்சை கலவாத சிவப்பு வெளிச்சத்தில் பிம்பம் விழும் இடம் மாறிவிடுவதால் மங்கலின் கணக்குப் பிசகி, இரைக்கு முன்னாலேயே விழுந்தது.

தானியங்கி ஃபோகஸ் உள்ள லென்ஸில் எடுத்திருந்தால் இந்தச் சோதனையைப் பற்றிப் படித்திருப்பேன், உடம்பால் உணர்ந்திருக்க மாட்டேன்.

உயிரளவைத் தாண்டிப் போக வேண்டுமானால் லென்ஸைத் திருப்பி மாட்டலாம். இது விந்தையாகத் தோன்றும், காரணம் எளிது. சாதாரண லென்ஸை வடிவமைத்தவர்கள் முன்னால் உள்ள பொருள் வெகுதூரத்திலும் பின்னால் உள்ள படச்சுருள் வெகு அருகிலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கண்ணாடிகளைத் தீட்டினார்கள். உயிரளவைத் தாண்டினால் நிலைமை தலைகீழ்: பொருள் அருகில், சென்சார் தொலைவில். லென்ஸையும் தலைகீழாக்கிவிட்டால் அது தனக்குப் பழகிய தூரங்களில் வேலை செய்யும். இதற்குத் தேவை ஒரே ஒரு மெல்லிய வளையம். ஒரு பக்கம் லென்ஸின் வடிகட்டிப் புரியிலும் மறுபக்கம் அடாப்டரிலும் ஏறுவது. விலை சில பத்து ரிங்கிட்தான். பழைய 28 மி.மீ. லென்ஸ் ஒன்றை இப்படித் திருப்பினால் உயிரளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். லென்ஸுக்கும் பூச்சிக்கும் இடையில் ஐந்து ஆறு செ.மீ. இருக்கும். கூர்மையின் ஆழமோ கால் மி.மீட்டருக்கு இறங்கிவிடும்.

அந்தக் கால் மி.மீட்டரை வைத்துக்கொண்டு என்ன பார்க்க முடியும்? கெலுகோரில் மாமரம் உள்ள எந்த வீட்டிலும் கெரெங்கா இருக்கும். இலைகளை இழுத்துச் சேர்த்து, புழுக்களின் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்பு. தமிழில் முசுறு, சங்கப் பாடல்களில் முயிறு. அதன் வரிசையில் ஓர் ‘எறும்பு’ மட்டும் நடையில் லேசாகத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மடங்கில் பார்த்தால் உண்மை வெளிப்படும்: அதற்கு உணர்கொம்பு இல்லை. முன்னங்கால்கள் இரண்டைத் தூக்கி உணர்கொம்புபோல் ஆட்டிக்கொண்டிருக்கிறது. மீதிக் கால்கள் ஆறு. முகத்தில் எறும்புக்குரிய கூட்டுக்கண் இல்லை. தாவுசிலந்தியின் பெரிய உருண்டைக் கண்கள் நம்மை நோக்கி நிற்கின்றன. மிர்மாபிளாட்டா பிளாட்டாலியாய்டெஸ் என்ற சிலந்தி, முசுறைப்போல் வேடமிட்டு அதன் அக்கம்பக்கத்திலேயே வாழ்கிறது. ஆணின் தாடைகள் முன்னால் அவ்வளவு நீண்டிருப்பதால், ஓர் எறும்பு இன்னொரு எறும்பைக் கவ்விக்கொண்டு போவதுபோலத் தோன்றும்.

இவ்வளவு நெருக்கத்தில் பகல்வெளிச்சம் போதாது, ஃபிளாஷ் வேண்டும். குறைந்த திறனில் வைத்தால் ஃபிளாஷின் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவே நீடிக்கும். கை நடுங்கினாலும் எறும்பு ஓடினாலும் படம் உறைந்துவிடும். ஆனால் அந்த ஒளியை நேரே பாய்ச்சினால் பளபளப்பான பூச்சியின் முதுகில் வெள்ளைத் திட்டுகள் விழும். ஐஸ்கிரீம் வாங்கிய வெள்ளை நெகிழி டப்பாவின் அடியை வெட்டி ஃபிளாஷுக்கு முன்னால் கட்டுங்கள். பூச்சிக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோகிறோமோ, அந்தப் பூச்சியின் பார்வையில் அது அவ்வளவு பெரிய வானமாக விரியும், நிழல் மென்மையாகும். பழைய ஃபிளாஷ் கிடைத்தால் மட்டும் அவசரப்பட்டு மாட்டாதீர்கள். சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் இருக்கும். புதிய கேமராவின் மின்சுற்றைக் கெடுத்துவிடும். பழசை நம்பலாம் என்று நான் சொல்வது லென்ஸுக்குத்தான். ஃபிளாஷைப் புதிதாகவே வாங்குங்கள்.

ஒருநாள் காலை, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு பூந்தொட்டி முன்னால் மண்டியிட்டுக் கிடந்தேன். தொட்டிக்குச் சொந்தக்காரர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, கதவைத் திறந்தார்.

“என்னா தம்பி, காலையிலேயே என் தொட்டி முன்னால?”

“கொசுவப் படம் எடுக்கிறேன் ஆன்ட்டி.”

“அடிச்சுப் போடுறத விட்டுட்டுப் படமா எடுக்கிறீங்க?”

கேமராவின் திரையைத் திருப்பிக் காட்டினேன். ஐந்து மி.மீ. கொசு, கால்களில் வெள்ளைப் பட்டைகள், மார்பின் மேற்புறத்தில் வெள்ளைச் செதில்களால் ஆன இரண்டு வளைந்த கோடுகள், நடுவில் மெல்லிய இரண்டு நேர்க்கோடுகள். அப்படியே ஒரு யாழின் வடிவம்.

“முதுகுல யாழ் மாதிரி இருக்கு பாத்தீங்களா? இது ஏடிஸ் எகிப்தி. நடுவுல ஒரே ஒரு வெள்ளைக் கோடு இருந்தா அது புலிக்கொசு, ஏடிஸ் அல்போபிக்டஸ். ரெண்டும் டிங்கி பரப்பும்.”

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தொட்டியின் அடித்தட்டை எடுத்து, தேங்கிய நீரைத் தார்ச்சாலையில் கவிழ்த்தார். அடுத்த தொட்டிக்கும் போனார். அதற்கடுத்ததற்கும். முட்டை பொரித்துப் புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அந்தத் தட்டுகளை வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்தால் போதும் என்பது எல்லா அரசு அறிவிப்பிலும் இருப்பதுதான். அவரும் அதைப் பலமுறை படித்திருப்பார். கொசுவின் முதுகில் யாழைப் பார்த்தது அன்றுதான்.

கெலுகோரிலேயே, மிண்டன் குன்றின்மேல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1969இல் புக்கிட் கெலுகோரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கட்டடங்களில் தொடங்கி, 1971இல் பழைய பிரிட்டிஷ் படைமுகாம் இருந்த இன்றைய இடத்துக்கு மாறியது. நோய் பரப்பும் பூச்சிகளுக்கென்றே அங்கே ஓர் ஆய்வுப்பிரிவு இயங்குகிறது. அவர்களுடைய நுண்ணோக்கிகளுக்கு நம் வளையங்கள் ஈடாகா. ஆனால் நுண்ணோக்கியின் அடியில் இருப்பது பெரும்பாலும் பிடித்துவந்த பூச்சி. தன் இடத்தில், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பூச்சியின் முகத்தைப் பார்க்க, அதன் இடத்துக்கு நாம்தான் போகவேண்டும். அதனால்தான் படத்துக்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்பவர்களை என்னால் ஏற்க முடிவதில்லை. இலைக்கூட்டைப் பிரிப்பதும் அப்படித்தான். விடியற்காலையில், மழை விட்ட கையோடு போனால் பூச்சிகள் தாமாகவே மந்தமாக இருக்கும். காத்திருக்க மட்டும் தெரிந்தால் போதும்.

பினாங்கில் பழைய லென்ஸ் வைத்திருப்பவருக்கு ஒரு பகை உண்டு. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். என் முதல் டாக்குமார் லென்ஸைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்தபோது உட்கண்ணாடியில் பூஞ்சை வேர்விட்டிருந்தது. தோல் உறை ஈரத்தை உறிஞ்சிவைத்து, இருட்டும் சேர்ந்து, பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டது. பூஞ்சை சுரக்கும் அமிலம் மேல்பூச்சை அரிக்கும். அரித்தபின் துடைத்தாலும் தடம் போகாது. காற்றுப்புகாத நெகிழிப் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், பத்து இருபது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஈரமானி: இவ்வளவுதான் மருந்து. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் மெல்லிய சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, லென்ஸை வாரம் ஒருமுறை வெளிச்சத்துக்கு எடுத்துப் பயன்படுத்துவது.

உங்கள் வீட்டில் பெரியப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன கேமரா ஏதேனும் அலமாரியில் கிடக்கலாம். அதன் லென்ஸைத் திருகிக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் அடாப்டரும் மூன்று வளையங்களும் வாங்குங்கள். முதல் படமாகப் பள்ளிப்பிள்ளையின் அளவுகோலை எடுங்கள். என் கேமராவில் உள்ளது போன்ற ஏபிஎஸ்-சி வகைச் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. அளவுகோலில் இருபத்து மூன்று மி.மீ. கட்டங்களும் அரைக் கட்டமும் மட்டும் சட்டகத்துக்குள் அடங்கினால் நீங்கள் உயிரளவுக்கு வந்துவிட்டீர்கள். பிறகு அளவுகோலை எடுத்து வைத்துவிட்டு, காலை வெயில் விழும் சன்னல் விளிம்பில் பொறுமையாகத் தேடுங்கள். வெள்ளைப் பிறை போட்ட அந்தக் கறுப்புச் சிலந்தி அநேகமாக உங்கள் வீட்டிலும் இருக்கும்.